இடம் விற்பவர்கள்

எஸ்.எஸ்.வாசன் பத்திரிகை உலகத்துக்குள் வந்தது விளம்பரம் பிடித்துத் தரும் முகவராக. பூதூர் வைத்தியநாதய்யர் 1926-ல் தொடங்கிய ஆனந்த விகடன் தடுமாறி நின்றபோது, 1928-ல் அதை வாங்கிக்கொண்டார். எழுத்துக்கு 25 ரூபாய் வீதம் எட்டு எழுத்துக்கு 200 ரூபாய் கொடுத்தார் என்று ஒரு கதை இன்றும் சொல்லப்படுகிறது. அந்த விகடனில் விளம்பர மேலாளராக இருந்தவர் டி.சதாசிவம். 1941-ல் அவரும் கல்கி கிருஷ்ணமூர்த்தியும் சேர்ந்து ‘கல்கி’யைத் தொடங்கினார்கள். எழுதத் தெரிந்தவர் ஒருவர், விளம்பரம் வாங்கத் தெரிந்தவர் ஒருவர். தமிழின் இரண்டு பெரிய வார இதழ்களை நிலைநிறுத்தியதில் இரண்டு விளம்பர ஆட்களுக்குப் பங்கு உண்டு. இன்றோ ஒரு நாளிதழ், தொலைக்காட்சி, பண்பலை அலுவலகத்தின் விளம்பரப் பிரிவில் இருப்பவரிடம் எங்கே வேலை என்று கேட்டுப் பாருங்கள். பத்திரிகையின் பெயரைச் சொல்லிவிட்டு, “ஆனா ரிப்போர்ட்டர் இல்லீங்க” என்று அவரே சேர்த்துக்கொள்வார்.

இந்தப் பிரிவில் வேலை செய்கிறவர்கள் தங்கள் வேலையைப் பற்றி என்ன நினைக்கிறார்கள்? வெளியில் யாரும் அதிகம் கேட்காத கேள்வி. செய்தியாளரின் சம்பளம், ஆபத்து, வேலைநீக்கம் பற்றிக் கூட்டங்கள் நடக்கின்றன, அறிக்கைகள் வருகின்றன. அந்தச் சம்பளத்துக்கான பணத்தை ஊரெல்லாம் அலைந்து கொண்டுவருபவரைப் பற்றி ஒரு வரி வருவதில்லை. சென்னை, கோவை, மதுரை மாதிரி ஊர்களில் இந்த வேலையில் இருப்பவர்களோடு பழகியவன் என்ற முறையில் எனக்குப் பட்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலையை வெறுப்பவர்கள் இவர்களில் குறைவு. அலுவலகத்தின் மேல் கசப்பு இல்லாதவர்கள் அதைவிடக் குறைவு. வெளியே நடக்கும் பாதி வேலை பிடித்திருக்கிறது. உள்ளே வந்து கணக்குக் கொடுக்கும் பாதிதான் ஆளைத் தின்கிறது.

பிடித்திருக்கிற பாதியைப் பார்ப்போம். ஓர் ஊரின் வியாபார நாடி யாருக்குத் தெரியும் என்றால் வங்கி மேலாளருக்கு அடுத்தபடி விளம்பர விற்பனையாளருக்குத் தெரியும். ஆடியில் ஜவுளிக்கடை, அட்சய திருதியையில் நகைக்கடை, பிளஸ் டூ முடிவு வரும் மே மாதத்தில் கல்லூரி, தீபாவளிக்கு எல்லாரும் என்று ஆண்டு முழுவதும் அவர் மனதில் ஒரு தனிப் பஞ்சாங்கம் ஓடும். எந்த மனை வியாபாரிக்குக் கையிருப்பு தேங்கிக் கிடக்கிறது, எந்தக் கடையில் அண்ணன் தம்பி பிரியப்போகிறார்கள் என்பது அவருக்கு முன்கூட்டியே தெரியும். சென்னை உஸ்மான் சாலையில் ஒரு கடை முதலாளி சொந்த மகனோடு பேசுவதைவிடத் தன்னோடு அதிகம் பேசுகிறார் என்று சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமை வரும். அந்தப் பெருமை பொய்யில்லை. இருபது வருடம் ஒரே ஏரியாவைப் பார்த்தவருக்கு, கம்பெனி மாறினாலும் கஸ்டமர் மாறுவதில்லை.

இதில் யாரும் மதிப்புப் போடாத ஓர் அறிவும் இருக்கிறது. நாளிதழின் கண்ணீர் அஞ்சலி விளம்பரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கம் முடியப்போகிற நேரத்தில் போன் வரும். அப்பா இறந்துவிட்டார், நாளைக் காலைப் பதிப்பில் வரவேண்டும். வாட்ஸ்அப்பில் ஒரு கல்யாணப் போட்டோ வரும்; அதிலிருந்து அப்பாவின் முகத்தை மட்டும் வெட்டி எடுக்க வேண்டும். ஒரு வீட்டுக்குச் சிவலோக பதவி, இன்னொரு வீட்டுக்குக் கர்த்தருக்குள் நித்திரை, மற்றொரு வீட்டுக்கு வஃபாத், கட்சிக்காரர் என்றால் இயற்கை எய்தினார். எதை எங்கே போட வேண்டும் என்று கேட்காமலே தெரிந்திருக்க வேண்டும். அடுத்தது பெயர் வரிசை. மகன்கள், மருமகள்கள், மகள்கள், மருமகன்கள். சண்டை போட்டுக்கொண்டு போன இரண்டாவது மருமகன் பெயர் விட்டுப்போனால், பதினாறாம் நாள் காரியம் வரை அந்த வீட்டில் அதுதான் பேச்சு. அழுதுகொண்டிருக்கும் மகனிடம் “கடைசி மாப்பிள்ளை இனிஷியல் என்னங்க சார்” என்று கேட்டு, ஒவ்வொரு பெயராகப் படித்துக்காட்டி, சரி வாங்கி, அதற்குள் பணம் வந்துவிட்டதா என்றும் பார்க்க வேண்டும். வரி விளம்பரப் பிரிவில் பல ஆண்டு இருந்தவர்கள் இதை ஒரு கலை மாதிரி செய்வார்கள். அவர்களுடைய அப்ரைசல் படிவத்தில் இதற்கென்று ஒரு கட்டம் இருந்து நான் பார்த்ததில்லை.

இனி உள்ளே வருவோம். முதலில் டார்கெட். ஒரு விளம்பரத்தின் பணம் எப்படிக் கரைகிறது என்று தெரிந்தால்தான் இந்தப் புலம்பல் புரியும். பெரிய தாளில் ஏறக்குறைய கால் பக்கம், 400 சதுர செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். ரேட் கார்டு சதுர செ.மீ.க்கு 500 ரூபாய் என்றால் 2 லட்சம். ரேட் கார்டு விலைக்கு யாரும் வாங்குவதில்லை. நாற்பது சதவீதம் குறைத்தால் 1,20,000. ஏஜென்சி வழியாக வந்தால் வழக்கமான 15 சதவீதக் கழிவு 18,000 போய் 1,02,000. அதன் மேல் அச்சு விளம்பரத்துக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், தொலைக்காட்சி, பண்பலை, இணையம் என்றால் 18 சதவீதம். விற்பனையாளரின் கணக்கில் ஏறுவது அந்த 1,02,000 மட்டும். மாத டார்கெட் 20 லட்சம் உள்ளவர் இதே அளவில் இருபது விளம்பரம் பிடிக்க வேண்டும். பத்தொன்பது பிடித்தால் 19,38,000. நூறு சதவீதம் தொட்டால்தான் இன்சென்டிவ் என்ற திட்டத்தில், அந்த மாதம் அவர் ஒன்றும் பிடிக்காதவருக்குச் சமம்.

அடுத்த ஆண்டு நடப்பது இன்னும் வேடிக்கை. டார்கெட்டைத் தாண்டியவருக்குப் பரிசு, அடுத்த வருடம் பெரிய டார்கெட். சோவியத் தொழிற்சாலைகளைப் பற்றிப் பேசும் பொருளியலாளர்கள் இதை எப்போதோ கவனித்துவிட்டார்கள். இந்த ஆண்டின் சாதனையே அடுத்த ஆண்டின் இலக்காகும் என்று தெரிந்த தொழிற்சாலை, முடிந்ததையெல்லாம் உற்பத்தி செய்து காட்டாது. மார்ட்டின் வைட்ஸ்மன் 1980-ல் இதைக் கணித வடிவத்தில் எழுதினார். விளம்பரம் பிடிக்க அண்ணா சாலையில் பைக் ஓட்டும் பையனுக்கு வைட்ஸ்மனைத் தெரியாது; ஆனால் மார்ச் 29-ம் தேதி டார்கெட் முடிந்தவுடன், கையில் இருக்கும் ரிலீஸ் ஆர்டரை ஏப்ரல் தேதி போட்டு வாங்கிக்கொள்ளத் தெரியும். டார்கெட் முடியாதவர் எதிர்த்திசையில் ஓடுவார். ஏப்ரலில் வரவேண்டிய விளம்பரத்தைக் கூடுதல் தள்ளுபடி கொடுத்து மார்ச்சுக்கு இழுப்பார். அமெரிக்க உற்பத்தி நிறுவனங்களின் விற்பனை நிதியாண்டு முடிவில் ஏறி, புதிய ஆண்டின் தொடக்கத்தில் இறங்குவதை பால் ஓயர் 1998-ல் எழுதிய ஆய்வில் காட்டினார். நம் ஊர் ‘மார்ச் எண்டிங்’ அதே சங்கதிதான். மேலாளருக்கும் இது தெரியும்; அவருக்கும் மேலே ஒரு டார்கெட் இருக்கிறது. தெரிந்தே இரண்டு பக்கமும் ஆடும் இந்த ஆட்டத்தில், அதிகமாக உழைத்தவரைவிட நன்றாக ஒளித்தவர் மிஞ்சுகிறார் என்பதுதான் பலரின் மனக்குறை. டார்கெட் இருப்பதை யாரும் குறை சொல்லி நான் கேட்டதில்லை. அது எப்படி வந்தது என்று யாரும் விளக்குவதில்லை என்பதைத்தான் குறையாகச் சொல்கிறார்கள். நோட்டு ஒழிப்புக்குப் பிறகு மனை விளம்பரங்கள் விழுந்தபோதும், 2020 ஊரடங்கில் கடைகளே மூடிக்கிடந்தபோதும், இலக்கைத் திருத்துவதா வேண்டாமா என்ற பேச்சுவார்த்தை எத்தனை வாரம் நடந்தது என்று கேட்டால் சிரிக்கிறார்கள்.

டார்கெட்டைவிடக் கொடியது வசூல். அச்சில் வந்துவிட்ட விளம்பரம் விற்றுத் தீர்ந்த சரக்கு. திருப்பி எடுக்க முடியாது. அறுபது நாள், தொண்ணூறு நாள் கடன் என்பது சந்தை வழக்கம். பல நிறுவனங்களில் பணம் வந்தால்தான் இன்சென்டிவ். சில இடங்களில் பாக்கி நீண்டால் விற்பனையாளருடைய பணத்திலேயே கை வைப்பார்கள். ஆர்டர் வாங்கிய அதே ஆள்தான் பணத்துக்கும் போக வேண்டும். ஆர்லி ஹோக்‌ஷீல்ட் என்ற சமூகவியலாளர் 1983-ல் வெளியிட்ட ‘தி மேனேஜ்டு ஹார்ட்’ என்ற நூலில், ஒரே விமான நிறுவனத்தின் இரண்டு வகை ஊழியர்களை அருகருகே வைத்துப் பார்த்தார். விமானப் பணிப்பெண் பயணியை உயர்த்திப் பேச வேண்டும்; கடன் வசூலிப்பவர் அவரைத் தாழ்த்திப் பேச வேண்டும். இரண்டுமே உணர்ச்சியைச் சம்பளத்துக்கு விற்கும் வேலை, எதிரெதிர்த் திசையில். அந்த நிறுவனத்தில் அவை இரண்டு பேர் செய்யும் வேலையாகவாவது இருந்தன. நம் விளம்பர விற்பனையாளர் இரண்டையும் ஒரே கடையில், ஒரே டீயைக் குடித்துக்கொண்டு செய்ய வேண்டும்.

“அண்ணாச்சி, ஆனி மாச பில்லு...” என்று இழுத்தால், “ஆடி வியாபாரம் முடியட்டும் தம்பி” என்பார் கடைக்காரர். ஆடி முடிந்தால் தீபாவளிக்குச் சரக்கு எடுக்கப் பணம் போய்விட்டது. வற்புறுத்தினால் தீபாவளி விளம்பரம் எதிர்ப் பத்திரிகைக்குப் போய்விடும். வற்புறுத்தாவிட்டால் திங்கட்கிழமைக் கூட்டத்தில் அவுட்ஸ்டாண்டிங் பட்டியலில் முதல் பெயர். தேதி போட்ட காசோலையை வாங்கிவந்தால், வங்கியில் போட வேண்டாம் என்று அந்தத் தேதியில் போன் வரும். பணத்துக்குப் பதில் பண்டமும் வருவது உண்டு: விடுதி கூப்பன், பட்டுப் புடவை, சில சமயம் ஊருக்கு வெளியே மனை. நிறுவனத்துக்கு அது வரவு. விற்பனையாளரின் இன்சென்டிவ் கணக்கில் அதை எப்படி ஏற்றுவது என்பது தனி வழக்கு. இந்த வேலையை விட்டுப் போனவர்களிடம் காரணம் கேட்டால், சம்பளம் என்று தொடங்கி வசூலில் முடிப்பார்கள்.

விற்கும் பொருள் தன் கையில் இல்லாததும் ஒரு பெரிய சங்கடம். சோப்பு விற்பவர் சோப்பைக் காட்டலாம். இவர் காட்ட வேண்டியது வாசகர் எண்ணிக்கை, பார்வையாளர் எண்ணிக்கை. இந்திய வாசகர் கணக்கெடுப்பு 2019-க்குப் பிறகு பல ஆண்டுகள் வரவே இல்லை. கொரோனாவுக்கு முந்தைய எண்ணை வைத்துக்கொண்டு கொரோனாவுக்குப் பிந்தைய பத்திரிகையை விற்றார்கள். தொலைக்காட்சியில் 2020 அக்டோபரில் மும்பை டி.ஆர்.பி. மோசடிப் புகாருக்குப் பின், பார்வையாளர் எண்ணிக்கையைக் கணிக்கும் பார்க் அமைப்பு செய்திச் சேனல்களின் தனித்தனி மதிப்பெண் வெளியிடுவதை நிறுத்தியது; 2022 மார்ச்சில்தான் மீண்டும் தொடங்கியது. அதுவரை செய்திச் சேனல் விற்பனையாளர்கள் வாயை மட்டும் வைத்து வியாபாரம் செய்தார்கள். தொலைக்காட்சிக்கு இன்னொரு தடை, விளம்பர நேரத்துக்கு மணிக்கு 12 நிமிடம் என்ற வரம்பு. தீபாவளி வாரத்தில் விற்க நேரம் போதாது. மற்ற வாரங்களில் வாங்க ஆள் கிடையாது. சீரியல் தோற்றால், அச்சு மங்கினால், பேப்பர் போடும் பையன் வராவிட்டால் கஸ்டமர் திட்டுவது இவரைத்தான். செய்தியில் கடைக்காரரின் போட்டியாளர் படம் வந்துவிட்டால் அதற்கும் இவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

அந்தச் செய்திப் பிரிவோடு இவர்களுக்குள்ள உறவு தனி அத்தியாயம். “பக்கத்தை நிரப்புறது நாங்க, பேரு வாங்குறது அவங்க” என்ற பேச்சு எல்லா அலுவலகத்திலும் உண்டு. எதிர்ப்பக்கம், கடைசி நேரத்தில் வந்த விளம்பரத்துக்காகத் தன் செய்தியைத் தூக்கிவிட்டார்கள் என்று நிருபர் பல்லைக் கடிப்பார். டைம்ஸ் குழுமத்தின் வினீத் ஜெயின், தங்கள் தொழில் செய்தித்தாள் தொழில் அல்ல, விளம்பரத் தொழில் என்ற பொருளில் 2012-ல் நியூயார்க்கர் இதழிடம் சொன்னபோது, பத்திரிகையாளர்கள் கொதித்தார்கள். விளம்பரப் பிரிவில் பலர் அதைக் கேட்டுத் தலையாட்டியிருப்பார்கள். ஆனால் செய்திக்கும் விளம்பரத்துக்கும் நடுவே உள்ள சுவர் இடிவதால் விற்பனையாளருக்கு மரியாதை கூடிவிடவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். 2009 மக்களவைத் தேர்தலில் காசுக்குச் செய்தி விற்கப்பட்டது பெரிய விவகாரமாகி, பிரஸ் கவுன்சில் 2010-ல் அதைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. அப்படி விற்கும்போது, வேட்பாளர் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டியவர் யார்? பேக்கேஜை வடிவமைத்தவர் ஏ.சி. அறையில் இருப்பார், அதைக் கையில் எடுத்துப் போகிறவர் களத்து ஆள். நேர்மையான விற்பனையாளர்களுக்கு அந்தச் சுவர் ஒரு பாதுகாப்பு. “எடிட்டோரியல்ல நாங்க தலையிட முடியாது சார்” என்று சொல்லித் தப்பிக்க ஒரு வாக்கியம் இருந்தது. விளம்பரதாரருக்கும் அது பொய் என்று தெரிந்துவிட்ட பிறகு, இலவசமாக ஒரு செய்தி போட்டுத் தரச்சொல்லிக் கேட்பது பேரத்தின் முதல் வரியாகிவிட்டது.

பெண்கள் இந்த வேலைக்கு வருவது பண்பலையிலும் இணையப் பிரிவிலும் முன்பைவிட அதிகம். நாளிதழ்க் களப்பணியில் இன்னும் குறைவு. மாலை ஏழு மணிக்கு மேல்தான் முதலாளி கடைக்கு வருவார், அப்போது வந்தால் காசோலை தருவார் என்ற ஒரு வழக்கமே போதும், பலரை விலக்கிவைக்க. 2013-ம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தில், வேலை நிமித்தமாகப் போகும் எந்த இடமும் பணியிடம்தான். வாடிக்கையாளரின் அலுவலகமும் அதில் அடங்கும். வெளியாள் மீது நடவடிக்கை எடுக்கப் பெண் விரும்பினால் நிறுவனம் துணை நிற்க வேண்டும். சட்டம் தெளிவு. ஆனால் துன்புறுத்தியவர் ஆண்டுக்கு ஐம்பது லட்சம் விளம்பரம் தருபவராக இருந்தால், பெரும்பாலும் மாற்றப்படுவது அந்தப் பெண்ணின் ஏரியாதான்.

சட்டம் என்று வந்ததால், இவர்கள் யார் என்ற பழைய குழப்பத்தையும் சொல்லியாக வேண்டும். 1955-ம் ஆண்டின் உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம் நாளிதழ்களின் பத்திரிகையாளர் அல்லாத ஊழியர்களையும் சேர்த்துக்கொண்டது. விளம்பரப் பிரிவும் அதில் அடங்கியது. மஜிதியா ஊதியக் குழுவின் பரிந்துரைகள் 2011 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, 2014 பிப்ரவரி 7-ல் உச்ச நீதிமன்றமும் ஏற்றது. ஆனால் அதே சட்டத்தில் முக்கியமாக நிர்வாகப் பணி செய்பவர்களுக்கு இடமில்லாமல் இருந்தது. விளம்பரப் பிரிவில் மட்டும் ஏன் இத்தனை ‘மேனேஜர்கள்’ என்பதற்கு இது ஒரு காரணம் என்பது என் சந்தேகம். கீழே ஒரு ஆள்கூட இல்லாத உதவி மேலாளர், பைக்கில் போய்க் காசோலை வாங்கும் துணைப் பொது மேலாளர். பதவிப் பெயர் கஸ்டமரிடம் மரியாதை வாங்கித்தரும் என்று சொல்லித்தான் கொடுப்பார்கள், ஓரளவு உண்மையும்கூட. நீதிமன்றங்கள் பார்ப்பது பெயரை அல்ல, செய்யும் வேலையை என்பது நெடுநாளைய சட்ட நிலை. அதை நிரூபிக்க வழக்குப் போடத் துணிந்தவர்கள்தான் அதிகம் இல்லை. தொலைக்காட்சிக்கும் பண்பலைக்கும் 1955 சட்டம் பொருந்தியதே இல்லை. இவர்களைப் போலவே அலையும் மருந்து விற்பனைப் பிரதிநிதிகளுக்கு 1976-ல் தனிச் சட்டம் வந்தது. ஆனாலும் தொழில் தகராறு சட்டத்தின்படி அவர்கள் தொழிலாளர்கள் அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1994-ல் சொல்லிவிட்டது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் தொழிலாளர் என்ற வரையறைக்குள் விற்பனை மேம்பாட்டு ஊழியர்களையும் கொண்டுவந்திருக்கின்றன. விளம்பர நேரமும் இடமும் விற்பவர்கள் அதற்குள் எந்த அளவு அடங்குவார்கள் என்பதை இனி வரும் வழக்குகள்தான் தீர்க்கும். இந்தப் பிரிவில் சங்கம் என்ற பேச்சே எழுவதில்லை. இன்று பக்கத்து மேசையில் இருப்பவர் இன்சென்டிவுக்குப் போட்டியாளர். நாளை அவரே எதிர்ப் பத்திரிகையின் மேலாளர்.

இணையம் இந்த வேலையைக் கொன்றுவிட்டதா? சிறுகடைக்காரர் கைப்பேசியிலேயே ஐந்நூறு ரூபாய்க்கு முகநூலில் விளம்பரம் போட்டுக்கொள்கிறார். அவருக்கு விற்பனையாளர் தேவையில்லை. வரி விளம்பரத்தில் வீடு வாடகை, பழைய கார், வேலைவாய்ப்பு மூன்றும் கரைந்துவிட்டன. மரணமும் திருமணமும் கொஞ்சம் மிஞ்சியிருக்கின்றன. ஈடுகட்ட நிறுவனங்கள் கண்டுபிடித்தது நிகழ்ச்சிகள். கல்விக் கண்காட்சி, வீட்டு மனைக் கண்காட்சி, சமையல் போட்டி, விருது விழா. விருது விழாவில் விருது பெறுபவரும் செலவை ஏற்பவரும் ஒரே ஆளாக இருப்பது அவ்வப்போது நடக்கும் தற்செயல். விற்பனையாளர்கள் நாற்காலி போடுவதிலிருந்து மேடையில் சால்வை எடுத்துக் கொடுப்பது வரை செய்கிறார்கள். மூத்தவர்களுக்கு இது பிடிக்கவில்லை. இளையவர்களுக்கு இது பரவாயில்லை, கொஞ்ச காலத்தில் நிகழ்ச்சி நடத்தும் தொழிலை வெளியே போய்த் தொடங்கலாம் என்ற கணக்கு.

போகிறவர்கள் எங்கே போகிறார்கள் என்பதும் ஒரு கருத்துக் கணிப்புதான். தனக்கு விளம்பரம் கொடுத்த கல்லூரியிலோ நகைக்கடையிலோ விளம்பரப் பொறுப்பாளராகச் சேர்கிறவர்கள் நிறைய. மேசைக்கு மறுபக்கம் உட்கார்ந்து, தன் பழைய சகாக்களிடம் தள்ளுபடி கேட்பதில் தனி ருசி இருக்கிறது. இன்னொரு கூட்டம் சொந்தமாக ஏஜென்சி வைக்கிறது. அந்த 15 சதவீதம் இப்போது அவர்களுக்கு. இருந்துவிடுகிறவர்களில் பலர் கடனுக்காகவும் பிள்ளைகளின் படிப்புக்காகவும் இருக்கிறார்கள். அதைத் தவிர, தன் ஏரியாவை வேறொருவரிடம் ஒப்படைக்க மனம் வராமல் இருப்பவர்களும் உண்டு.

இவர்களிடம் என்ன மாற வேண்டும் என்று கேட்டால் சம்பள உயர்வுக்கு முன் வரும் கோரிக்கை, வசூலைத் தனியாகப் பிரித்துவிடுங்கள் என்பது. நிர்வாகம் இதை விரும்பாததற்குக் காரணம் உண்டு. பணம் வராது என்று தெரிந்தே ஆர்டர் எழுதும் ஆட்கள் பெருகுவார்கள் என்ற பயம், அனுபவத்தில் வந்தது. சில இடங்களில் கடன் கட்டுப்பாட்டுக்கு என்று தனி ஆள் போட்டும் பார்த்தார்கள். அவர் கடைக்குப் போனால், “உங்களை யாருன்னே தெரியாதே, நம்ம தம்பிய வரச்சொல்லுங்க” என்று அனுப்பிவிடுகிறார்கள். ஆறு மாதத்தில் வசூல் பழையபடி தம்பியின் தலையில். கடன் கட்டுப்பாட்டு ஆள் அலுவலகத்தில் உட்கார்ந்து, பணம் ஏன் வரவில்லை என்று தம்பிக்கு மின்னஞ்சல் அனுப்புகிறார்.